நாற்பத்திரண்டு நிமிஷத் தாமதம்

இல்லம்மா, அது மழைத்தண்ணியாத்தான் இருக்கும். பதினஞ்சு வருஷத்து அட்டை, எந்தப் பெட்டியில எப்படிக் கெடந்துச்சோ. கறைய விடு, நீ மொதல்ல உக்காரு. அந்த நாற்காலி வேணாம், ஸ்பிரிங்கு குத்தும். இதுல உக்காரு. கோட்டு நனைஞ்சு போயிருக்கு பாரு, கணப்புகிட்ட போடு. நிலக்கரி கொஞ்சந்தான் மிச்சம், பரவால்ல, ஹாலம் பொண்ணு வந்திருக்கா, இன்னைக்கு எரியட்டும்.

சக்கரை போட்டுக்கோ டாஃப்னி. ரேஷன் சக்கரைதான், ஆனா நான் ஒண்டிக்கட்டை, எனக்கு எவ்வளவு ஆகப்போவுது. பாத்தியா, நாய் உன் காலடியில போய்ப் படுத்துக்கிச்சு. எனக்கு இது புதுசில்ல. பழைய நாய் ஒண்ணு இருந்துச்சு, குட்டியிலேருந்து நான் சோறு போட்டு வளத்தது. உங்கப்பா ஆபீசருங்க மெஸ்ஸுக்குள்ள நொழைஞ்சா போதும், என்ன விட்டுட்டு அவன் பூட்ஸு மேல தலைய வெச்சிக்கும். அவன் அதக் கூப்பிட்டதுகூட கெடையாது. அவன் இவன்னு பேசறேன்னு நெனைக்காத, நானும் ரூபர்ட்டும் ஒரே வருஷம் பட்டாளத்துல சேந்தவங்க.

எங்க, அந்தத் தாள இன்னொரு தரம் குடு. கண்ணாடி எங்க போச்சு... ஆங். நம்ம ரெஜிமெண்டு வரலாறு, பக்கம் இருநூத்திப் பன்னண்டு. முப்பத்தி நாலாம் வருஷத்து ஒத்திகைப் போர்ல கர்னல் ஹாலமோட டாங்கிப் படை நாப்பத்திரண்டு நிமிஷம் தாமதமா வந்து பாலத்தக் கோட்டை விட்டது. டாங்கிங்க காலாட்படைய விட்டுட்டுத் தனியா எதையும் சாதிக்க முடியாதுன்னு இது காட்டிச்சு. ம். நல்லா பாலீஷா எழுதியிருக்காங்க. யாரு எழுதினது? அந்தக் குதிரைப்படைக்காரனா? அவன் ஆயுசுல டாங்கிக்குள்ள தலைய விட்டவனே இல்லையேம்மா.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவுதாக்கும். அதுக்குள்ள அன்னைக்கு இருந்த அம்பயர் கையெழுத்துப் போட்டு மறுத்தாத்தான் மாத்துவாங்க. அம்பயர் நாந்தான், ஆமா. எனக்கு மேல இருந்த பெரிய அம்பயர் செத்து எட்டு வருஷம் ஆச்சு. நான் எழுதலன்னா, செத்தப்புறமும் உங்கப்பா பேரு லேட்டா வந்தவன்னே நூலகத்துல நிக்கும். புரியுது. நீ ஒரே வரியில கேட்டுட்ட. எங்கப்பா லேட்டா வந்தாரா, இல்லையா. ஆமாவா இல்லையான்னு ஒரே சொல்லுல வேணும் உனக்கு. எனக்கு அப்படி வராதும்மா. வரிசையாச் சொன்னாத்தான் வரும்.

கேக்கு எடுத்துக்கோ. முட்டை இல்லாமப் பண்ணது, கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கும், டீயில நனைச்சிக்கோ.

மொத யுத்தம் முடிஞ்சு டாங்கிய என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. சேத்துல நடந்து போற சிப்பாய்க்கு முன்னாடி முள்ளுக்கம்பிய மிதிச்சுக் குடுக்கற வண்டி, அவ்வளவுதான் அது. மனுசன் நடக்கற வேகத்துல போவும், மனுசன் நின்னா நிக்கும். மேல இருந்தவங்கல்லாம் குதிரைக்காரங்க. நாங்க மெஸ்ஸுக்குள்ள போனா பெட்ரோல் நாத்தம் அடிக்குதுன்னு சன்னலத் தொறந்து விடுவாங்க. அவங்க மேல குதிரைச் சாணி நாறும், அது கௌரவமான நாத்தம்.

அப்ப ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுல, இருபத்தி மூணாம் வருஷமோ நாலாம் வருஷமோ, நான் சொன்னேன். நான், டாஃப்னி. உப்புச் சாடியையும் மிளகுச் சாடியையும் முன்னால தள்ளி, இதுங்கதான் டாங்கி, இதுங்க எதுக்குக் காலாட்படைக்காகக் காத்திருக்கணும், பீரங்கியையும் லாரியில ஏத்து, சிப்பாயையும் லாரியில ஏத்து, எல்லாம் டாங்கி வேகத்துல போவட்டும், எதிரியோட மோதாம சுத்திக்கிட்டுப் போயி அவனோட பின்பக்கத்தப் புடின்னேன். கடுகுக் கிண்ணிதான் எதிரி. நாலு பேரு சிரிச்சாங்க. ரூபர்ட் சிரிக்கல. கடுகுக் கிண்ணியையே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் மெதுவாக் கேட்டான், செசில், உப்புச் சாடி தூரத்துல இருக்கும்போது அதுக்கு யாரு திரும்பச் சொல்றதுன்னு. நான் கொடிய ஆட்டுவோம்னேன். தூசியில கொடி தெரியாதேன்னான். அத்தோட விட்டுட்டு புட்டிங் சாப்பிட ஆரம்பிச்சிட்டோம்.

ஆறு மாசம் கழிச்சு அவன் ஒரு சின்னப் புஸ்தகம் போட்டான். அறுபது பக்கம் இருக்கும். அதுல என் உப்புச் சாடி, மிளகுச் சாடி எல்லாம் இருந்துச்சு. கூடவே, ஒவ்வொரு டாங்கியிலயும் ஒரு வயர்லெஸ் பெட்டி இருக்கணும், தலைவன் பின்னால கூடாரத்துல உக்காராம முன்னால டாங்கியிலயே வரணும், அவன் ஒரு சொல்லு சொன்னா நூறு டாங்கி திரும்பணும்னு எழுதியிருந்தான். முன்னுரையில எனக்கு நன்றி சொல்லியிருந்தான். சாப்பாட்டு மேசையில பொறந்த யோசனை, நண்பர் வேரிங்குக்குக் கடன்பட்டிருக்கேன்னு. ஒரு வரி. மிச்ச அம்பத்தொம்பது பக்கமும் அவன் பேரு.

பொறாமையான்னா கேக்கற? ஆமாம்மா, பொறாமைதான். மூடி மறைக்கிற வயசா இது. வயிறு எரிஞ்சுச்சு. அவன் எடுத்துட்டான்னா பரவால்ல, திருடன்னு சொல்லித் தூங்கியிருப்பேன். அவன் திருடல. நான் கடுகுக் கிண்ணியோட நின்னுட்டேன், அவன் அதுக்கு மேல போயிட்டான். இது உள்ளுக்குள்ள எனக்குத் தெரியும். அதான் அதிகமா எரிஞ்சுச்சு.

என்னது? உங்கம்மாவா? சேச்சே. அப்படி ஒரு கதை ஊருக்குள்ள இருந்துச்சா? உங்கம்மா நல்ல மனுஷி, ஆனா அவ குதிரை மேல உக்காந்து என்னப் பாக்கற பார்வைக்கே நான் வேலியத் தாண்டி ஓடியிருப்பேன். பொண்ணு விஷயமா இருந்தா சொல்லிக்க மரியாதையாவாவது இருக்கும். இது ஒரு உப்புச் சாடி விஷயம்.

ஒத்திகைக்கு வர்றேன், வர்றேன்.

சால்ஸ்பரி சமவெளியிலேருந்து ஆரம்பிச்சு அறுபது மைல். செப்டம்பர் மாசம், நல்ல வெயிலு. ரூபர்ட் கையில நூறு டாங்கி, கூட லாரியில பீரங்கி, சிப்பாய். வெடியக்காலம் கெளம்பி, எதிர்ப்பக்கத்துப் படைய வளைச்சுக்கிட்டுப் போயி, சாயங்காலத்துக்குள்ள அவங்க முதுகுக்குப் பின்னால இருக்கற கால்வாய்ப் பாலத்தத் தாண்டணும். தாண்டிட்டா ஜெயிச்சான். ஜெயிச்சா மந்திரி ஆபீசுல அவன் கேட்ட மாதிரி தனி டாங்கிப் படை உண்டாக்குவாங்க. தோத்தா, டாங்கியப் பிரிச்சுக் காலாட்படைக்கு ரெண்டு, குதிரைப்படைக்கு ரெண்டுன்னு பங்கு போட்டுக் குடுத்துடுவாங்க. அன்னைக்கு அந்தப் பாலம் அவ்வளவு பெரிய பாலம். பாக்கறதுக்கு ஒரு வண்டி போற அகலந்தான்.

ஒத்திகைன்னா உனக்குச் சிரிப்பு வரும். டாங்கிய அடிக்கற பீரங்கி வாங்க சர்க்கார்கிட்ட வக்கில்ல, அதனால ஒருத்தன் பச்சைக் கொடியப் புடிச்சுக்கிட்டு நிப்பான், அவந்தான் பீரங்கி. மழை வந்தா பீரங்கி மரத்தடியில ஒதுங்கும். கையில வெள்ளைத் துணி கட்டினவன் அம்பயர். நீ செத்துட்டன்னு அவன் சொல்லிட்டா அந்தச் சிப்பாய் செத்தான், எறங்கி சிகரெட்டுப் பத்த வெச்சுப்பான். பாலத்த நெஜமாவா வெடி வெச்சுத் தகர்க்க முடியும், அந்த ஊருக்காரன் சும்மா விடுவானா. அதுக்குத்தான் இந்த அட்டை. பாரு, அச்சுல இருக்கு, இந்தப் பாலம் தகர்க்கப்பட்டது, நேரம் கோடு, அம்பயர் கோடு. வெடி வெக்கற ஆளுங்க பாலத்துக்கு வந்து, முழுசா நாப்பது நிமிஷம் அம்பயர் கண்ணு முன்னாடி வேலை செய்யணும். அப்புறம் அம்பயர் நேரத்த எழுதி, கையெழுத்துப் போட்டு, கைப்பிடிச் சுவர்ல கயித்துல மாட்டிட்டா முடிஞ்சுச்சு, பாலம் இல்ல. பென்சில்ல எழுதினா எவனாவது அழிச்சிடுவான்னு, மையிலதான் எழுதணும்னு விதி.

அதுக்கப்புறம் யாரும் வாதாடக் கூடாது. அதுதான் எங்க வழக்கம், உனக்குத் தெரியாததா. கிரிக்கெட்டுல அம்பயர் வெரலத் தூக்கிட்டா மட்டைய அக்குள்ல வெச்சுக்கிட்டுப் பேசாம நடந்து வருவோமில்ல, அதேதான். பந்து மட்டையில படலன்னு தெரிஞ்சாலும் நடந்து வரணும். அப்படித்தான் எங்கள வளத்தாங்க. யுத்தத்தையும் நாங்க அப்படித்தான் ஆடினோம்.

இன்னொரு கப்பு ஊத்தட்டுமா? சரி.

பாலத்துல நான் மத்தியானத்துலேருந்து நின்னுக்கிட்டிருந்தேன். எதிர்ப்பக்கத்துலேருந்து பாலம் தகர்க்கற ஆளுங்க வந்தப்போ மணி ஆறு. ஒரு கேப்டன், மீசை வெச்சவன், வந்தவுடனே டீ போடச் சொன்னான். அவங்க பக்கத்து உளவு சொல்லியிருக்கு, டாங்கிங்க இன்னும் முப்பது மைலுக்கு அந்தாண்ட இருக்கு, அவசரம் இல்லைன்னு. டீ குடிச்சாங்க. பிஸ்கட் தின்னாங்க. நானும் ஒண்ணு தின்னேன்.

என் காருல வயர்லெஸ் இருந்துச்சு. அம்பயருங்க ரெண்டு பக்கத்துப் பேச்சையும் கேக்கலாம். திடீர்னு அதுல ரூபர்ட் குரல். கத்தல, பதறல, கடைக்காரன்கிட்ட சாமான் கேக்கற மாதிரி. ரெண்டாவது வரிசை கொஞ்சம் எடது. பின்னால லாரி, நெருங்கி வாங்க. அப்புறம் சொன்னான், பாலத்துல அம்பயர் வேரிங்தான் நிக்கறாரு, நமக்குத் தெரிஞ்சவரு, கண்டிப்பா டீ வெச்சிருப்பாருன்னு. எல்லா டாங்கியிலயும் பசங்க சிரிச்சிருப்பாங்க.

நான் தலையத் தூக்கிப் பாத்தேன். மேட்டு மேல வந்துக்கிட்டிருந்தாங்க. நூறு டாங்கிம்மா. சூரியன் அவங்க பின்னால. புல்லு மேல வரிசை கலையாம எறங்கி வந்தாங்க. அவன் ஒரு சொல்லு சொன்னான், வயர்லெஸ்ல கேட்டுது, அத்தனையும் ஒரே நேரத்துல திரும்பி, ரெண்டாப் பிரிஞ்சு, பாலத்தப் பாத்து வளைஞ்சுது. என்னோட உப்புச் சாடியும் மிளகுச் சாடியும். பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் துணி விரிச்ச மேசை மேல தள்ளினது, அங்க நெஜமா நடந்து வருது, அவன் குரலுக்கு.

தப்பும் தவறுமா வந்திருந்தா பரவால்ல. ரெண்டு டாங்கி பள்ளத்துல விழுந்து, நாலு வழி தவறி, அப்படி வந்திருந்தா நானே ஓடிப்போயி கை குடுத்திருப்பேன். ஆனா அழகா இருந்துச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல.

அப்ப மணியா? இரு, வர்றேன்.

அவன் டாங்கியிலேருந்து குதிச்சு, பாலத்துக்கிட்ட நடந்து வந்தான். மூஞ்சியெல்லாம் புழுதி, பல்லு மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுச்சு, சிரிச்சுக்கிட்டே வந்தான். அட்டையப் பாத்தான். பாலம் தகர்க்கப்பட்டது, நேரம் அஞ்சு நாப்பது, சி. வேரிங். தன் கடிகாரத்தப் பாத்தான். ஆறு இருபத்திரண்டு. நாப்பத்திரண்டு நிமிஷம். மறுபடி அட்டையப் பாத்தான். எனக்கு ஒரு சல்யூட் அடிச்சிட்டுத் திரும்பிப் போயி, எஞ்சினெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டான். அடுத்த பாலம் பன்னண்டு மைல். அங்க போயிச் சேர்றதுக்குள்ள பெட்ரோல் லாரியெல்லாம் எதிராளி புடிச்சிட்டான். ஆட்டம் முடிஞ்சுது.

அவங்க எஞ்சின நிறுத்திட்டு நிக்கறாங்க, அந்த ஊரு விவசாயி ஒருத்தன் மாடுங்கள ஓட்டிக்கிட்டு வந்தான். நாப்பது மாடு இருக்கும். எல்லாம் ஆடி அசைஞ்சு அந்தத் தகர்ந்த பாலத்து மேல நடந்து போச்சு. ஒரு மாடு நடுப்பாலத்துல நின்னு சாணி போட்டுச்சு. நூறு டாங்கி நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சு. எவனும் சிரிக்கல. பின்னாலயே ரொட்டி வண்டிக்காரன் மணியடிச்சுக்கிட்டுப் போனான், எங்களுக்கெல்லாம் தொப்பியத் தூக்கிட்டு.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். அறிக்கை போச்சு. தனி டாங்கிப் படை நடக்காத காரியம்னு முடிவு பண்ணாங்க. ரூபர்ட்ட கெய்ரோவுக்கு அனுப்பி டயர் கிடங்குக்குப் பொறுப்பாப் போட்டாங்க. அங்க போன வருஷத்துலதான் உனக்கு அம்மை போட்டுச்சுன்னு எழுதினான். அவன் படைய என் கையில குடுத்தாங்க. பிரிச்சுப் பங்கு போட்டது நாந்தான். காலாட்படைக்கு ரெண்டு, குதிரைப்படைக்கு ரெண்டு.

நாப்பதாம் வருஷம், ரெண்டாவது யுத்தத்துல, நான் பிரான்சுல இருந்தேன். அங்க ஒரு ஆத்துப் பாலம். நம்ம ஆளுங்க வெடி வெக்கப் போனாங்க, இந்தத் தடவ நெஜ வெடி. ஜெர்மன்காரன் நாளைக்குத்தான் வருவான்னு சொல்லியிருந்தாங்க. அவன் அன்னைக்கே வந்துட்டான். டாங்கி, லாரியில சிப்பாய், லாரியில பீரங்கி, எல்லாம் ஒரே வேகத்துல, ஒரு குரலுக்குத் திரும்பிக்கிட்டு. நான் ஒரு வேலிக்குப் பின்னால படுத்துக்கிட்டுப் பாத்தேன். அதே மாதிரி பிரிஞ்சான், அதே மாதிரி வளைஞ்சான். வேலியப் புடிச்சுக்கிட்டு நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இது ரூபர்ட்டோடதுடான்னு நெனச்சேன். அப்பக்கூட என்னோடதுன்னு தோணல. என்னோட எறநூறு பேரு அந்த ஆத்தங்கரையில போனாங்க. அட்டை மாட்டி நிறுத்த அங்க அம்பயர் யாரும் இல்ல.

பின்னால ஒரு ஜெர்மன் கைதி, பெரிய ஆபீசரு, நல்லா இங்கிலீஷ் பேசினான், என்கிட்ட கேட்டான். ஹாலம் எழுதின சின்னப் புஸ்தகத்த நாங்க அஞ்சு தரம் அச்சுப் போட்டுப் படிச்சோம், அவரு உங்க சேனையில எங்க இருக்காருன்னு. டயர் எண்ணிக்கிட்டிருக்காருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?

ரூபர்ட் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் எனக்கு வாழ்த்து அனுப்பினான். கெய்ரோவுலேருந்து ஒட்டகப் படம். ஒரு வருஷம்கூட விடல. போன டிசம்பர்லகூட வந்துச்சு, கையெழுத்து நடுங்கியிருந்துச்சு. ஒரு வார்த்த தப்பா இல்ல, குத்தல் இல்ல. நாய் சௌக்கியமான்னு கேப்பான். அந்த மனுசன் மேல கோபப்படறதுக்கு அவன் ஒரு பிடிகூடக் குடுக்கல எனக்கு. அதுக்கும் பொறாமைதான்.

நீ டீயக் குடிக்கவே இல்ல. ஆறிப்போச்சு.

ஏன் திரும்பத் திரும்ப அந்த அட்டையவே பாக்கற? கறையா? அது மழைன்னு... இல்ல. மழை இல்லம்மா. அன்னைக்கு நல்ல வெயிலுன்னு நாந்தான் உன்கிட்ட சொன்னேன். கிட்டக் கொண்டா, வெளிச்சத்துல புடி. அஞ்சு நாப்பதுன்னு எழுதியிருக்கற எடத்துல மை இழுத்துவிட்ட மாதிரி இருக்கில்ல? அதுல கோடு கோடாத் தெரியுது பாரு. அது உங்கப்பாவோட கட்டைவெரல்.

நாப்பத்திரண்டு நிமிஷத்துக்கு முன்னால எழுதின மை வெரல்ல ஒட்டாது, இல்லையா? மேட்டுல அவங்க தலை தெரிஞ்சப்புறம்தான் நான் பேனாவத் தொறந்தேன். மணி ஆறு இருபது. மீசைக்காரன் ஆளுங்க கையில டீ கப்பு, ஒருத்தன்கூட வெடிப்பெட்டியத் தொறக்கல, விதிப்படி பாலம் அப்பவும் முழுசா நிக்குது. அவன் என்னப் பாத்தான், நான் அவனப் பாத்தேன், அவன் கப்பக் கீழ வெச்சிட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டான். ரூபர்ட் வந்து அட்டையத் தொட்டுப் பாத்தான். வெரலப் பாத்தான். என்னப் பாத்தான். அப்புறம்தான் அந்த சல்யூட்டு. மறுநாள் பாலத்துல அட்டையக் காணோம்னாங்க, காத்துல போயிருக்கும்னு நெனச்சேன். பதினஞ்சு வருஷமா அவன் பெட்டியிலதான் இருந்திருக்கு. அவன் யாருக்கும் சொல்லல. உனக்குக்கூட சொல்லலல்ல?

அழாத. நான் அழல பாரு.

அந்த மேசை மேல பேனா இருக்கு, எடு. கடுதாசி அப்புறம் எழுதித் தர்றேன், மொதல்ல அட்டையக் குடு, அதுலயே திருத்திடறேன். ஆறு... இருபது. சி. வேரிங். இந்தா, புடி. ஓரமாப் புடிச்சுக்கோம்மா, இன்னும் மை காயல.